கூரை திறக்கிற கார்

"கூரை திறக்கிற காராத்தான் வாங்கப்போறன்."

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த நடுவயதுக்காரர் தன் மனைவியிடம் சொன்னார். அவள் ஜன்னலோரம் குமட்டலுக்குத் தேசிக்காயை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"உந்த வயதிலை என்னப்பா ஆசை உங்களுக்கு?"

"எனக்கில்லை. மூடின வாகனத்திலை உமக்குச் சத்தி வருது. என்ரை முதுகு நோவோடை மோட்டார் சைக்கிளிலை கிளிநொச்சிக்கு ஓடேலாது. மகள் கலியாணம் கட்டிப் போனாப்பிறகு அவளின்ரை வீட்டை நீர் இன்னும் பாக்கேல்லையெல்லே."

அவள் தேசிக்காயை மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"பழைய கார். நடுவழியிலை நிண்டால்?"

"இண்டைக்கு ரெண்டு பாக்கப் போறம். ஒண்டு பெரிய இஞ்சின், நல்லா இழுக்கும். பழுதானால் மாத்திறதுக்குச் சாமான் எடுக்கிறதுதான் கரைச்சலாம். மற்றது சின்ன இஞ்சின். வேகம் காணாது, ஆனால் லேசிலை பழுதாகாது. எங்கடை ஊர் மெக்கானிக்கே திருத்துவார்."

"அப்ப சின்னதையே எடுங்கோ."

"கிளிநொச்சி போய்ச்சேர நேரம் எடுக்குமப்பா."

அவள் அவருடைய தோளில் சாய்ந்துகொண்டாள்.

"எடுக்கட்டும். ஆறுதலாப் போவம். உங்களோடைதானே வாறன்."