ஒரு லைன், ரெண்டு வூடு

— அதனாலதாங்க செவுத்துல ஓட்டை போட வேணாம்னேன். மொட்டமாடி வழியாவே இழுத்துட்டேன். பெரிய பாய் வூட்டு மோடத்துலேருந்து இந்த வூட்டுக் கம்ப்யூட்டர் வரைக்கும் பாத்தீங்கன்னா முப்பத்தஞ்சு மீட்டரு. அம்மா, கேக்குதுங்களா? திரைச்சீலைகிட்ட பேசறாப்ல இருக்கு.

— கேக்குது தம்பி. ஒயரு மழைல நனைஞ்சா என்னாவும்?

— பைப்புக்குள்ள வுட்டுருக்கேன்மா. ஒன்னும் ஆவாது.

— சரி.

— ஒரு எட்டு வெளிய வந்து பாத்துட்டீங்கன்னா தேவலை. இந்தக் கொளஞ்சியப்பன் அரைகொறையா பாத்துட்டுப் பெரம்பலூர் பஸ் ஏறிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க.

— அம்மா வர மாட்டாங்கண்ணே. இத்தா இருக்காங்க.

— அதென்ன பாப்பா?

— எங்கத்தா மவுத்தாயிட்டாங்கண்ணே, அப்பா எறந்துட்டாங்க. அதுலேருந்து நாலு மாசம் பத்து நாளு அம்மா வெளி ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது, வூட்ட வுட்டு எங்கயும் போகவும் கூடாது. இன்னிக்கு நாப்பத்தோராவது நாளு.

— அடடா. பெரிய பாய் ஒரு வார்த்த சொல்லலியே! தம்பி மவ படிக்கணும், பக்கத்து வூட்டுக்கும் ஒரு லைன் இழுத்துக் குடுன்னாரு. அவ்வளவுதான். மன்னிச்சுக்குங்கம்மா, நான் பாட்டுக்கு ரேடியோ மாதிரி பேசிக்கிட்டு இருக்கேன்.

— பரவால்ல, பேசுங்க. இந்த வூட்ல இப்ப யாரும் சத்தமா பேசறதில்ல.

— ஊர்லதான் இருந்தாருங்களா?

— சவுதில, தம்மாம்ல. பதினெட்டு வருசம். படுத்தவங்க எந்திரிக்கல. அங்கயே அடக்கிட்டாங்க.

— இங்க கொண்டாரலியா?

— அந்த ஊர்ல மவுத்தானா அங்கதான் அடக்கணுமாம், அதான் சட்டம்னாங்க எங்க பெரிய மச்சான், நீங்க சொல்ற பெரிய பாய். நமக்குச் சேதி வர்றப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு.

— பெரிய கொடுமைங்க. பாப்பா, அந்த மவுச இப்புடி குடு. பாத்தியன்னா, கீழ மூலைல ரெண்டு குட்டி டிவி மினுக்குதா? அவ்வளவுதான். நெட்டு வந்துருச்சு.

— வந்துருச்சும்மா! ஓப்பன் ஆவுது!

— தம்பி, இதுல போட்டோ பாக்கலாமா?

— எல்லாம் பாக்கலாங்க. யாரு போட்டோ?

— அவங்களுதுதான். மண்ணு போடறதுக்கு முன்னாடி மொகத்தத் தெறந்து காட்டுவாங்கள்ல, அப்ப எடுத்துருப்பாங்க. பெரிய மச்சானக் கேட்டேன், அப்புடி ஒன்னும் இல்லைன்னாங்க. ஆனா கூட ரூம்ல இருந்த வி.களத்தூர்க்காரரு ஃபோன் பண்ணாரு, எல்லாத்தையும் ஒங்க மச்சானுக்கு மெயில்ல அனுப்பியாச்சுன்னாரு.

— சரிங்க.

— அதுக்குத்தான் லைன் கேட்டேன். புள்ள படிப்புக்குன்னு சொன்னேன்.

— அம்மா! எனக்குன்னு சொன்னீங்க!

— ஒனக்குந்தான். தம்பி, அந்த மெயில் எப்ப வரும்?

— எந்த மெயிலுங்க?

— மச்சான் வூட்டுக்கு வந்தது. டவுன்ல என் தங்கச்சி வூட்ல மாடிலயும் கீழயும் ரெண்டு ஃபோன் வெச்சிருக்கா. ஒரே லைனு. மேல பேசறதக் கீழ எடுத்தா கேக்கும். அது மாதிரிதான இதுவும்?

— ஐயோ, இல்லீங்கம்மா. லைனுதான் ஒன்னு. மெயிலுக்குப் பாத்தீங்கன்னா அவங்கவங்களுக்குத் தனிப் பூட்டு. பெரிய பாய் மெயில் இங்க வராது.

— வராதா?

— வராதுங்க.

— சரி.

— நான் வேணா பெரிய பாய்கிட்ட ஒரு வார்த்த...

— வேணாம். ருமைசா, அண்ணனுக்கு டீ போடு.

— இருங்கம்மா. அண்ணே, இதென்ன? மை நெட்வொர்க்குன்னு இருந்துச்சு, தட்டுனேன். மஜீதுன்னு பெரியத்தா பேரு வருது. உள்ள என்னென்னமோ இருக்கு.

— அய்யய்யோ. கைய எடு பாப்பா! பிரிண்டர மட்டும் பொதுவுல வுடுன்னாரு, நான் மொத்த டி டிரைவையும் பொதுவுல வுட்டுட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இரு, மூடிடறேன்.

— மூடாதீங்க தம்பி.

— அம்மா, அது அவரு வூட்டுச் சமாச்சாரங்க. தெரிஞ்சா என்னைய இந்த ஊருக்குள்ளயே வுட மாட்டாரு.

— ஒங்க பேரு வெளிய வராது, அல்லா மேல ஆணையா. ருமைசா, ஒங்கத்தா பேருல ஏதாச்சும் இருக்கா பாரு.

— இருக்கும்மா. ஹஸ்ஸான்னே ஒரு ஃபோல்டர் இருக்கு.

— தெற.

— அத்தா பேரு மேலயே தட்டணுமாம்மா?

— அழுவாத. அழுதா எழுத்து தெரியாது. தெற.

— மூணு இருக்கு. ஒன்னு அத்தா பாஸ்போர்ட்டு. ஒன்னு அரபில, சீல் வெச்சது. இன்னொன்னு இங்கிலீஷ்ல லெட்டரு.

— போட்டோ?

— இல்லம்மா.

— நல்லாப் பாரு.

— அண்ணே, நீங்க பாருங்கண்ணே.

— இல்லீங்கம்மா. மூணும் ஸ்கேன் பண்ண காயிதந்தான்.

— எனக்கு இந்த நாப்பது நாளா அழுகையே வரல தம்பி. வந்தவங்கள்லாம் என்னையக் கட்டிப் புடிச்சு அழுதாங்க, நான் அடுப்புல பால் பொங்குதேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மரத்துப் போச்சு. மொகத்த ஒரு தடவ பாத்துட்டா வந்துரும்னு நெனச்சேன். சரி, அந்த லெட்டர்ல என்ன இருக்கு?

— அம்மா... கீழ ஒங்க பேரு இருக்கு.

— என் பேரா?

— ஹபீபா, வைஃப் ஆஃப் லேட் ஹஸ்ஸான்னு. மேல நோ அப்ஜெக்‌ஷன்னு கொட்டை எழுத்துல போட்டுருக்கு.

— பாப்பா, போதும். மூடிடலாம்.

— நீங்க படிங்க தம்பி. தமிழ்ல சொல்லுங்க.

— அம்மா, எனக்கெதுக்குங்க...

— சொல்லுங்க.

— தம்மாம் கம்பெனிக்கு எழுதுனதுங்க. என் கணவர் உடம்ப ஊருக்கு அனுப்ப வேணாம், அங்கயே அடக்கம் பண்றதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு இருக்கு. நீங்க எழுதுனாப்ல.

— அப்ப, கேட்டா அனுப்புவாங்களா?

— அனுப்பியிருப்பாங்க போலங்க. அனுப்ப முடியாதுன்னா இந்தக் கடுதாசி எதுக்கு?

— கேட்டுருந்தா அவங்க இங்க வந்துருப்பாங்க.

— ஆமாங்க.

— பெரியத்தா பொய் சொல்லியிருக்காரும்மா! சட்டமாம் சட்டம்! கையெழுத்தும் அவரே போட்டுருக்காரு. நான் இப்பவே போயி நாலு பேரு கேக்கறாப்ல கேக்கறேன்.

— ஒக்காரு. தேதி போட்டுருக்கா?

— எட்டு, மூணு, ரெண்டாயிரத்தி ஏழு.

— என்ன கெழம?

— வியாழக்கெழமங்க. இந்தா, கம்ப்யூட்டர்லயே காட்டுது.

— நமக்கு எப்ப சொன்னாங்க ருமைசா?

— வெள்ளிக்கெழம, ஜும்ஆ தொழுதுட்டு வந்து. அப்பதான் ஃபோன் வந்துச்சுன்னாரே பெரியத்தா! அப்ப முந்துன நாளே அவருக்குத் தெரியுமா?

— அவங்க மவுத்தானது ஞாயித்துக்கெழம. தெரிஞ்சுதான் இருந்துருக்கும்.

— அம்மா, நான் பாத்தவரைக்கும் பெரிய பாய் கெட்ட மனுசன் இல்லீங்க.

— கெட்டவரு இல்ல தம்பி. மையத்த, எறந்தவங்க ஒடம்ப, காக்க வெக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரு. பெட்டில வந்தா மாசக்கணக்குல ஆகும், அதுக்கு அங்கயே அடக்கறது மேல்னு நெனச்சிருப்பாரு. எங்கிட்ட கேட்டா நான் ஒத்துக்க மாட்டேன்னும் தெரியும் அவருக்கு.

— எல்லாஞ் சரிங்க. அதுக்காக இன்னொருத்தர் கையெழுத்தப் போடலாமா? இது ஜமாத்துல வெச்சாலும் தப்பு, கோர்ட்டுல வெச்சாலும் தப்பு.

— கையெழுத்து தமிழா இங்கிலீஷா?

— தமிழும்மா. ஒங்களது மாதிரியே இருக்கு. ஹ-வ எழுதி, கடைசி ‘பா’வோட காலக் கீழ இழுத்து வுட்டு... அச்சு அசலா பாத்து எழுதியிருக்காங்க, திருட்டுப் பசங்க.

— யாரும் பாத்து எழுதல. அது நான் போட்டதுதான்.

— நீங்களா? அம்மா, என்ன சொல்றீங்க?

— அந்த வியாழக்கெழம காலைல ஒங்க பெரியத்தா வந்தாரு. இன்டர்நெட்டு லைனுக்கு எழுதிப் போடறேன், ரெண்டு வூட்டுக்கும் சேத்து, நீயும் ஒரு கையெழுத்துப் போடு, இனிமே என் தம்பியும் நீயும் தெனைக்கும் மொகம் பாத்தே பேசிக்கலாம்னாரு. சந்தோசத்துல என்னன்னு கூடப் பாக்காம போட்டுக் குடுத்தேன்.