சீசன் தெரியாத குடும்பம்

...இல்ல, நான் என்ன விஷமா வச்சேன்? நீங்களே சொல்லுங்க பூட்டுக்காரரே. பூசணிக்கா. வெறும் பூசணிக்கா. அதுக்குப் போய் வீட்டு ஆம்பளைய வெளிய விட்டுட்டு, சமையக்கட்ட உள்பக்கமா பூட்டிக்கிட்டு, மூணு பேரும் உள்ள உக்காந்திருக்காங்கன்னா... நீங்க கம்பிய விட்டுக் கிண்டுங்க, கிண்டிக்கிட்டே கேளுங்க. காது சும்மாத்தான இருக்கு.

எம் பொண்டாட்டி, எம் பொண்ணு, அப்புறம் மாமனார். மாமனார எதுக்குச் சேத்துக்கிட்டாங்கன்னுதான் எனக்குப் புரியல. அவருக்குப் பல்லே கிடையாது. பல்லில்லாதவருக்குப் பூசணிக்கா மாதிரி ஒரு வரப்பிரசாதம் உண்டா? நன்றி கெட்ட மனுசன்.

எங் கொள்கை என்னன்னா, எந்தக் காலத்துல எது வெளையுதோ அதத்தான் திங்கணும். முள்ளங்கி சீசன்னா முள்ளங்கி. கீரை சீசன்னா கீரை. கீரை சீசன்ல எங்க வீட்டுல யாரும் வாயத் தெறந்து சிரிக்கவே மாட்டாங்க, பல்லெல்லாம் பச்சையா இருக்கும். அப்பக்கூட பொறுத்துக்கிட்டாங்க. இப்ப பூசணி சீசன். சந்தைல ஒரு தள்ளுவண்டி நின்னுச்சு. ஒரு காய் எடுக்கத்தான் போனேன்... சரி, வண்டியோட வாங்கிட்டேன். கட்டிலுக்கு அடியில கொஞ்சம், துணி அலமாரில கொஞ்சம், குளிக்கிற தொட்டில பெருசுங்க எல்லாம். மூணு வேளையும் விதவிதமா செஞ்சேங்க. சூப்பு, பொரியல், கேக்கு. டீயில கூட... அது கொஞ்சம் சரியா வரல, ஒத்துக்கிறேன்.

அந்த ஸ்க்ரூவ இந்தக் காய் மேல வைங்க. உருளாது, அடிப்பக்கம் சீவி வச்சிருக்கேன்.

முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. யாரு சொன்னா? நான் மறைச்சேன். வேகவச்சு, அரைச்சு, சோத்தோட பெசஞ்சு வச்சேன். ரெண்டு வாய் தின்னுட்டு எம் பொண்ணு அழுதா. நான் சந்தோசத்துலன்னு நெனச்சேன்.

அப்புறம் அவ உள்ளங்கை மஞ்சளாயிடுச்சு. காமாலைன்னு பயந்து ஸ்கூல்லேர்ந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டாக்டர் பாத்துட்டு, காமாலையெல்லாம் ஒண்ணும் இல்ல, வீட்டுல அப்படி என்னதான் சமைக்கிறீங்கன்னு கேட்டாரு. எனக்கு ஒரே பெருமை. உக்காந்து செய்முறையெல்லாம் சொன்னேன். எம் பொண்டாட்டி அந்த ஆஸ்பத்திரி வாசல்ல எங்கூடப் பேசறத நிறுத்துனவதான். இன்னிக்குக் காலைல நான் தொட்டிலேர்ந்து ஒரு காயத் தூக்கிட்டு வர்றேன், அதுக்குள்ள மூணும் உள்ள போய் பூட்டிக்கிச்சு.

கெட்டியான பூட்டு, இல்லீங்களா? யாரு போட்டதுன்னா... நாந்தான். நான் சமைக்கிறப்ப யாரும் உள்ள வந்து, இது வேணாமே, அது வேணாமேன்னு நச்சரிக்கக் கூடாதுன்னு போட்டேன். இருக்கறதுலயே நல்லதா குடுய்யான்னு கடைக்காரன்கிட்ட கேட்டு வாங்குனது. தாழ்ப்பாள் வேற தனியா ஒண்ணு, நல்லவேளை அத அவங்க போடல போலருக்கு. சொந்தக் காசுல சூனியம்னு சொல்றீங்க. வாயால சொல்லல, மூஞ்சி சொல்லுது.

அட, தெறந்துருச்சா? இருங்க... என்ன வாசனை அது? வெங்காயம் போட்டு ஆம்லெட் ஊத்துறா. என்னது, உங்களையா கூப்பிடறா? சாப்ட்டுட்டுப் போங்கன்றாளா? தாராளமா சாப்பிடுங்க, வாங்க, நானும் வர்... பூட்டுக்காரரே? யோவ், கதவ எதுக்குய்யா சாத்துற?

தாழ்ப்பாளும் போடறான் பாரு.

கண்ணு... அப்பாதான். நீ மட்டும் கதவுகிட்ட வா. அம்மாவுக்குக் கேக்க வேணாம். எனக்கும்... எனக்கும் அத வாயில வைக்க முடியல கண்ணு. மொத வாரமே முடியல. இவ்ளோ பேசிட்டு எப்படி நிறுத்துறதுன்னுதான் தெரியல. கதவுக்கு அடியில இடம் இருக்கு பாரு. ஆம்லெட் தட்டையாத்தான இருக்கும்... ஒண்ணே ஒண்ணு தள்ளி விடேன்.