டில்லார்டின் நிழல்

ஓக் மரத்தில் பசை காய்வதற்குள் இறுக்குப் பிடியைக் கழற்றினால் மூலை வாய் பிளந்துவிடும். நான் அவசரப்படுகிறவன் இல்லை. எங்கள் தலைமை மாலுமி சீஃப் டில்லார்டின் பெட்டி உங்கள் விசாரணை மேசையில்தான் இருக்கிறது. மூலையில் நூல் நுழையுமா, பாருங்கள்.

நார்ஃபோக் துறைமுகத்தில் கடற்படையை விட்டு ஓய்வு பெறுகிறவனுக்கு, அவனோடு உழைத்த நாங்கள் இப்படியொன்று செய்து கொடுப்போம். பதக்கங்கள், மடித்த கொடி, சட்டைச் சின்னம், எல்லாம் கண்ணாடிக்குள். நிழல்பெட்டி என்போம். அது அவன் நிழல். அவன் கால் கரையில் படுமுன் நிழல் படக்கூடாது. பட்டால் கேடு. அதனால் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி அவனே கப்பலைவிட்டு இறங்குவான்.

பட்டறைக்கு வந்து டில்லார்ட் ஒரு தகடு கொடுத்தார். எங்களோடு கப்பலில் வேலை செய்து செத்துப்போன டோபின் கழுத்தில் கிடந்த பெயர்த் தகடு.

“இதையும் உள்ள வை, ஹாஸ்கல்.”

“இது உங்க சாமான் இல்லையே, சீஃப்.”

“இத்தனை வருஷமா என் நெஞ்சுலதானடா கெடக்குது. அவன் அம்மாவை விழாவுக்குக் கூப்பிட்டிருக்கேன். கரையில கால் வச்சதும் சொல்லிடுவேன்.”

“என்னத்தை?”

“நீ கதவை அடைச்சதை. நான் வாயை மூடிக்கிட்டிருந்ததை.”

பல வருஷத்துக்கு முன் கப்பலின் கொதிகலன் அறையில் நீராவிக் குழாய் வெடித்தது. வால்வைத் தப்பாகத் திறந்தவன் நான். வெளியே பாய்ந்து இரும்புக் கதவை இறுக்கினேன். டோபின் உள்ளே இருந்தான். தட்டினான். ஆவி அடங்கிய பிறகும் தட்டினான். பிழைத்து வந்தால் என்ன சொல்வானோ என்று யோசித்தேன். தட்டுவது நின்ற பிறகு திறந்தேன். வெடித்த நொடியிலேயே போய்விட்டான் என்று நானும் சீஃபும் அவன் தாயிடம் சொன்னோம். அது அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது. அதைப் போய்ப் பிடுங்கலாமா?

தகட்டை வைத்தேன். அன்று முதல் பெட்டிக்குள் தட்டுகிறது. மரம் காய்கிற சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விழாவன்று டில்லார்ட் கப்பலிலிருந்து இறங்கக் கிளம்பினார். கீழே முன்வரிசையில் டோபினின் தாய் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

“கண்ணாடியில கைரேகை இருக்கு சீஃப். கீழே தொடச்சுத் தரேன்.”

“அடேய், என் நிழலை எனக்கு முன்னால எறக்குறியே, என்னைக் கொல்லப் பாக்குறியா?” என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் முன்னால் இறங்கினேன். அவருக்கு மரியாதை ஊதல் ஊதினார்கள். கரைக்கு இறங்கும் பாலத்தின் நடுவில் அவருடைய கெட்டுப்போன முழங்கால் மடங்கியது. வழக்கம்போலக் கைப்பிடிச் சங்கிலியில் சாய்ந்தார். சங்கிலி கழன்றது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்தார். அலையில் கப்பல் மெல்லக் கரையோடு சேர்ந்தது. நிழல் முந்திவிட்டது என்று வயதான மாலுமிகள் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

கொடிக்கு அடியில் நீலத் துணியைத் தூக்கினால் ஒரு பித்தளை ஆணி இருக்கும். சங்கிலியைப் பிடித்திருந்த ஆணி. விழாவன்று காலையில் நான்தான் உருவினேன். ஆனால் பெட்டி இரண்டு கையிலும் இருந்தால் மனிதன் எங்கே சாய்வான்? அதற்காகத்தான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது பெட்டிக்குள் இருவர் தட்டுகிறார்கள். நீங்கள் எழுதுங்கள். கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும்.