மூடக் கூடாத விண்டோ

பெரியவர்: கதவைச் சாத்து. இங்க இருக்கறது யாரு? நான், என் மகன், என் மருமகள். மூணே பேர். இங்க பேசறது இந்த மூணு பேரோட நிக்கணும்.

மகன்: சர்வர் ரூமுக்கு வேற யாருப்பா வரப்போறா... இந்தக் குளிர்ல.

பெரியவர்: வெளியில பேசறாங்கடா. நம்ம லேப்ல எடுத்த ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எல்லாம் அழிஞ்சு போச்சாம். மருமகள் கை வெச்சதும் போச்சாம்.

மருமகள்: ஒண்ணும் அழியல மாமா. எல்லாம் அப்படியே இருக்கு. பாதுகாப்புக்கு எடுத்து வெச்ச பேக்கப் காப்பிதான் திறக்கல.

பெரியவர்: அந்த வித்தியாசம் ஊருக்குப் புரியுமா?... இன்னிக்கு எடுக்கற காப்பியும் திறக்கலைன்னா இந்தப் பொறுப்பை வெளி ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல. புரியுதா?

மருமகள்: புரியுது மாமா.

மகன்: அப்பா, அதுக்கு அவ என்ன...

மருமகள்: நீங்க சும்மா இருங்க.

பெரியவர்: எப்படி எடுக்கப் போற?

மருமகள்: ரிசல்ட் எல்லாம் ஒரு டிஸ்க்ல இருக்கு. இந்த நிமிஷம் என்ன எழுதறோம்ங்கற விவரம் இன்னொரு டிஸ்க்ல. ரெண்டையும் ஸ்னாப்ஷாட் எடுக்கணும், ஃபோட்டோ பிடிக்கற மாதிரி. நடுவுல யாராவது எழுதினா ரெண்டு படமும் ஒத்துப் போகாது. அதனால கொஞ்ச நேரம் யாரும் எழுத முடியாம பூட்டணும்.

பெரியவர்: கவுண்டர் நிக்குமா?

மருமகள்: பில் போடற இடத்துல ஸ்கிரீன்ல வட்டம் சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். மூச்சு விடற நேரம்தான்.

பெரியவர்: ஜனங்க முன்னால நம்ம கவுண்டர் நின்னதே இல்ல.

மகன்: போன வாரம் கரண்ட் போனப்போ...

பெரியவர்: அது கரண்ட் நின்னது. நாம நிக்கல.

மருமகள்: நிறுத்தலாமா மாமா?

பெரியவர்: ...நிறுத்து.

மருமகள்: ஸ்கிரீன்ல இந்த விண்டோவுல பூட்டிட்டேன். இப்போ இன்னொரு விண்டோவுல ஸ்னாப்ஷாட்...

பெரியவர்: முதல் வேலை முடிஞ்சுதுல்ல? அந்த விண்டோவை மூடு. ரூமை விட்டு வந்தா லைட்டை அணைக்கணும், வேலை முடிஞ்சா மூடி வைக்கணும். சின்ன வயசுலயே இவனுக்குச் சொல்லி...

மகன்: இருங்கப்பா, நான் மூடறேன்.

மருமகள்: ஐயோ, கையை எடுங்க. அதை மூடினா பூட்டும் போயிடும். அது திறந்திருக்கற வரைக்கும்தான் பூட்டு.

மகன்: அப்போ... முன்னால எடுத்த காப்பி திறக்காதது அதனாலதானா...

மருமகள்: பேசாம இருங்கன்னேன்ல. ...ரெண்டு படமும் எடுத்தாச்சு. பூட்டைத் திறந்துட்டேன். கவுண்டர் ஓடுது மாமா.

பெரியவர்: ம். இதுக்கு முன்னால காப்பி எடுத்தப்போ அதை மூடினது யாரு?

மருமகள்: நான்தான் மாமா.

பெரியவர்: நீ?

மருமகள்: ஆமா... அவசரத்துல.

பெரியவர்: சர்க்கரை டப்பாவுல எறும்பு. பீரோ கதவு ஆன்னு திறந்து கிடக்கு. எதையாவது நீ மூடி நான் பார்த்ததே இல்லையேம்மா.

மகன்: அப்பா, நான் சொல்லிடறேன்...

பெரியவர்: உன்னைக் கேக்கல. காப்பியைத் திறந்து காட்டும்மா.

மருமகள்: வேற மெஷின்ல ஏத்தறேன். கொஞ்சம் பொறுங்க... இன்னும் கொஞ்சம்... வந்துடுச்சு மாமா. காலையில உங்களுக்கு எடுத்த சுகர், இதோ.

மகன்: இவ்வளவாப்பா?

பெரியவர்: தப்பாக் காட்டுது.

மருமகள்: காப்பி சரியாத்தான் இருக்கு மாமா.

பெரியவர்: சரி சரி, அதை மூடு.

மருமகள்: இதைத் தாராளமா மூடலாம்... இருங்க, ஃபோன். எங்க அப்பா. ...மாமா, அவர் காதுக்கும் விஷயம் போயிடுச்சு. உங்ககிட்ட பேசணுமாம்.

மகன்: அப்பா, மெஷின் கோளாறுன்னு சொல்லி சமாளிச்சுடுங்க.

மருமகள்: ஆமா மாமா, அப்படியே சொல்லுங்க.

பெரியவர்: குடு இங்க. ...சம்பந்தி, நான்தான். நீங்க கேள்விப்பட்டது தப்பு. ஒரு ரிசல்ட்டும் அழியல. திறக்காத காப்பி எல்லாம் எடுத்தது என் மகன். அதைக் கண்டுபிடிச்சது உங்க மகள். அவனுக்காகப் பழியை ஏத்துக்கிட்டதும் அவதான். உங்ககிட்ட சொன்னவங்ககிட்ட, இதை நான் சொன்னேன்னு சொல்லுங்க.