விசாலாட்சி பிடித்துவைத்த இடம்

பொங்கல் விடுமுறை முடிந்து நாட்டரசன்கோட்டையிலிருந்து கிளம்பிய பேருந்து. முன் இருக்கையில் இரண்டு ஆச்சிகள், பள்ளிக்காலத் தோழிகள். ஒட்டுக்கேட்டது தப்புதான்.

“என்னைய எங்க நெற்குப்பை ஊருலதான் எரிப்பாக. ஒன்னைய இந்த ஊருல. செத்தும் நாம ஆளுக்கொரு பக்கம்.”

“சாம்பல எங்க கரைப்பாக?”

“ராமேஸ்வரத்துல.”

“எனக்கும் அங்கதான். போன வருசம் நம்ம விசாலாட்சியவும் அங்கதானே கரைச்சாக?”

சன்னலோரத்து ஆச்சி, வெளியே நிறைந்து கிடந்த கண்மாயைப் பார்த்தார்.

“பள்ளிக்கூடம் விட்டதும் அவதான் முந்தி ஓடி, பஸ்ல பையப் போட்டு நம்ம ரெண்டு பேருக்கும் எடம் பிடிப்பா.”

“ஆமா. யாரு கேட்டாலும் விடமாட்டா.”

“அப்ப அங்கயும் பிடிச்சுத்தான் வச்சிருப்பா. நாம மெதுவாவே போவோம்.”