பாக்கி தூரம் எண்பத்திரண்டு

— கேப்டன், அந்த ஏரி மறுபடியும் வந்திடுச்சு.

— ஏரி எங்கய்யா வரும்? நாமதான் வர்றோம். ஊருக்கு ஊரு ஒரு ஏரி இருக்கும்னு ஒரு உதவி விமானிக்குத் தெரியாதா?

— கரையில ரெண்டு புகைபோக்கி. ஒண்ணு பாதி இடிஞ்சது. மூணாவது தடவையா பாக்கறேன்.

— பிரசவம் பொண்டாட்டிக்கு, தலைசுத்தல் புருஷனுக்கா? நல்ல கூத்துய்யா!

— சிரிக்காதீங்க, மணியைப் பாருங்க. பத்து அஞ்சுக்குக் கிளம்பினோம். இருநூத்திப் பத்து கிலோமீட்டர், நாப்பது நிமிஷம். இப்ப மணி பதினொண்ணேகால்.

— எதிர்காத்து அடிக்குதோ என்னமோ.

— காத்தே இல்ல. பாக்கி தூரம் எம்பத்திரெண்டுன்னு காட்டுது. முக்கால் மணி நேரமா அதே எம்பத்திரெண்டு.

— எரிபொருள்?

— அதுவும் குறையல.

— பதினாறு வருஷமா இதே ரூட்ல ஓட்டறேன்யா. கண்ணைக் கட்டிவிட்டாலும் இறக்கிடுவேன். பின்னாடி ஜனங்க சத்தம் போடறாங்களா?

— இப்பதானே எட்டிப் பாத்துட்டு வந்தேன். நாப்பது பேரும் தூங்கறாங்க. பணிப்பெண்ணும்தான். தோளைப் பிடிச்சு உலுக்கினேன், அசையல.

— பட்டப்பகல்லயா?

— சீக்கிரம் இறங்கியாகணும் கேப்டன். விடியறப்பவே என் பொண்டாட்டிக்கு வலி எடுத்திடுச்சு. ஆஸ்பத்திரியில துணைக்கு என் மாமியார் மட்டும்தான். ஏழு வருஷம் காத்திருந்து வர்ற பிள்ளை. நான்தான் முதல்ல தூக்குவேன்னு அவளுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

— தூக்குவேய்யா. பிள்ளை எங்க ஓடிடப் போகுது? டவரைக் கூப்பிடு.

— நாலு தடவை கூப்பிட்டாச்சு.

— அஞ்சாவது தடவை கூப்பிடு. ஏதோ கொரகொரன்னு கேக்குது பாரு.

— டவர், டவர்! நானூத்திப் பதினேழு பேசறேன். கேக்குதா?

— டவர்தான் சார், சொல்லுங்க சார். எந்த விமானம்னீங்க?

— நானூத்திப் பதினேழு. காலை விமானம்.

— நம்பரைத் தப்பா சொல்றீங்க சார். நானூத்திப் பதினேழு பத்தே முக்காலுக்கே இறங்கியாச்சு சார். நான்தான் அனுமதி குடுத்தேன். என் ஜன்னலுக்கு நேரா நிக்குது, கழுவிட்டிருக்காங்க.

— யோவ் டவர், கேப்டன் பேசறேன்யா! நான் இங்க மேல உக்காந்திருக்கேன்!

— கேப்டன் கீழ கேன்டீன்ல டீ குடிக்கறாரு சார். விளையாடாதீங்க சார், இது வேலை பாக்கற லைன்.

— அப்ப அந்த உதவி விமானி எங்க? டவர், அதைச் சொல்லுங்க.

— அட, அவரு குரல் மாதிரியே இருக்கே உங்க குரலும்! அவரைக் கேக்கவே வேணாம் சார். கையெழுத்துப் போட மேல வந்தவரு, தொப்பியை என் மேசையிலயே விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. இப்பதான் அங்கேருந்து அவரே போன் பண்ணினாரு. பொண்ணு பிறந்திருக்கு சார்! முதல்ல நான்தான் தூக்கினேன், இன்னும் யார்கிட்டயும் குடுக்கலன்னு ஒரே சிரிப்பு.

— தம்பி... உன் தொப்பி எங்கய்யா?

— மடியில இருக்கு கேப்டன்.

— கீழ பாக்காதே.

— மறுபடியும் அந்த ஏரியா?

— பாக்காதேன்னா பாக்காதே.

— சார், சார், லைன்ல யாரு சார் நீங்க?

— டவர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நாங்க யாரா வேணா இருந்துட்டுப் போறோம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, என் பிள்ளையை அவன் கையிலேருந்து வாங்கிடச் சொல்லுங்க.