‘நடைமுறையில் அரிது’ என்று எழுதியவள்

இல்லை தலைவர் அவர்களே, ஏற்புரையை இரண்டு நிமிடத்தில் முடிக்க என்னால் இயலாது. இரண்டு நிமிடத்தில் முடித்த ஒரு வேலைக்காகத்தான் இங்கே கூனிக் குறுகி நிற்கிறேன்.

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அருகமர்ந்த ஆய்வகத்துப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் அமர்த்திக் காத்திருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் இருக்கும் என் அக்காவே, வணக்கம்.

கைதட்ட வேண்டாம். பொறுங்கள்.

சிறந்த சோதனையாளர் என்று கேடயம் தந்தீர்கள். எதைச் சோதித்தேன்? ரவுட்டரைச் சோதித்தேன். செய்திகளைத் துண்டு துண்டாக வாங்கி, ஒவ்வொன்றின் முகவரியையும் படித்து, உரிய வழியில் அனுப்பும் பெட்டி. அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். பெரிய பாக்கெட் வந்தால் பெட்டிக்குக் கொண்டாட்டம். படிக்கும் முகவரிகள் குறைவு. சிறியவை குவிந்தால் திண்டாட்டம். இரண்டையும் சொல்வதுதானே சோதனை?

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய பாக்கெட்டின் வரைபடம் அறிக்கையின் முதல் பக்கத்தில், வண்ணத்தில். சிறியதன் எண்கள் கடைசிப் பக்கத்தில், கறுப்பு வெள்ளையில். இந்தப் பெட்டியைச் சோதித்த அன்று சிறியவை நூற்றுக்கு நாற்பது தொலைந்தன. பெட்டியை ஏற்றிப் போக வண்டி வாசலில் நின்றது. புள்ளிக் கணக்கும் தவறாதவர் என்பதால் தசமம் அண்ணன் என்று நாம் அழைக்கும் மூத்தவர் எட்டிப் பார்த்தார்.

“இத்தனூண்டு பாக்கெட்ட எவம்மா மொத்தமா அனுப்பப் போறான்? கீழ ஒரு வரி எழுதி அனுப்பி விடு.”

எழுதினேன். ‘இந்த நிலை நடைமுறையில் அரிது.’

குனியாதீர்கள் அண்ணா. சொன்னது நீங்கள். எழுதிய கை என்னுடையது.

எவன் அனுப்புவான்? பேசுகிறவன் அனுப்புவான். மனிதக் குரல் சின்னஞ்சிறு பாக்கெட்டுகளாகத்தான் பயணம் போகிறது. நம் பெட்டி போய்ச் சேர்ந்ததோ, ஊரின் அழைப்புகளெல்லாம் கடக்கும் தொலைபேசி நிலையத்துக்கு. அவ்வழியே வரும் அவசர அழைப்புகளை எடுப்பவள் என் அக்கா.

சென்ற மாதம் ஒருவர் அழைத்தார். மனைவிக்குப் பிரசவ வலி. வீட்டு எண் வந்தது. தெருப் பெயரில் குரல் அறுந்தது.

“சார், தெரு பேரு இன்னொரு தரம் சொல்லுங்க.”

“எத்தன தரம்மா சொல்றது? காதுல என்ன பஞ்சா?”

ஆம்புலன்ஸ் வேறொரு தெருவில் நின்று தேடியது. தாயும் சேயும் பிழைத்தார்கள். பிழைத்தார்கள் என்பதால் பிழை இல்லையென்று ஆகிவிடுமா?

அக்காவுக்குக் கவனக்குறைவு என்று மெமோ. நாளை மறுநாள் விசாரணை. வேலை நிலைக்குமா, தெரியாது. “எனக்குக் காது மந்தமாயிடுச்சு போலடி” என்றாள். காதுப் பரிசோதனைக்கு நானே துணைக்குப் போனேன். கண்ணாடி அறையில் அமர்த்திச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். இருப்பதே தெரியாத ஒலிக்கும் அவள் பொத்தானை அழுத்தினாள். பெரிய சத்தம் கேட்டால் போதும் என்று அந்த மருத்துவர் நினைக்கவில்லை.

வெளியே வந்ததும், “அப்ப தப்பு எங்கடி இருக்கு?” என்றாள்.

தெரியாது என்றேன். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கம் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அவள் காதைச் சோதித்தார்கள், கவனத்தைச் சோதித்தார்கள், கடமையைச் சோதித்தார்கள். நான் சோதித்ததை யார் சோதித்தார்கள்?

இதை இங்கேதான் சொல்ல வேண்டுமா என்கிறீர்கள், பின்வரிசை ஐயா. கேடயத்தை இங்கேதானே வாங்கினேன்? பெருமைக்கு மேடை, பிழைக்கு இழுப்பறையா?

படங்கள் காத்திருக்கும். பெரும் கோப்புகள் காத்திருக்கும். மூச்சு வாங்க முகவரி சொல்பவர் காத்திருக்க மாட்டார். அவருடைய ஒரு சொல்லை, ஒரு தெருப் பெயரை, அரிது என்று எழுத எனக்கு யார் உரிமை தந்தது?

அக்கா, எழுந்து போகாதே. தப்பு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. என் கையெழுத்துக்கு மேலே இருக்கிறது.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. அவை நன்றாகவே கேட்கின்றன என்று நம்பி, வணங்கி, இறங்குகிறேன்.

பேசி முடித்தவள் கேடயத்தை மேடை மேசையிலேயே வைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்து அந்த வரியை அடித்து நீக்கினாள். ‘நூற்றுக்கு நாற்பது தொலைகிறது, குரல் அறுபடும்’ என்று எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியை விசாரணை அலுவலருக்கு அனுப்பினாள்.